பேர் விழுந்த பெண்கள்
மலையக இலக்கியத்தில் தியாகமும் உழைப்பும்

தோட்டத்துத் தமிழிலே ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனியான பொருளொன்று உண்டு. ஒரு தொழிலாளி நாள் முழுவதும் மலையில் நின்று, நிருவாகம் கேட்ட எடைக்குக் கொழுந்து கொடுத்தால், செக்றோலில் அவருக்கு ஒரு பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர் விழும். மாத முடிவில் எத்தனை பேர் விழுந்தன என்பதைக் கொண்டே சம்பளம் கணிக்கப்படும். ஒருவரை இன்னாரென்று அறியப் பொதுத் தமிழிற் பயன்படும் சொல், மலையிலே அவரது ஒரு நாள் உழைப்பை அளக்கும் அலகாகிவிட்டது. மலையக மக்களின் சமூக வரலாற்றை எழுதப் புகும் எவரும் இச்சொல் மாற்றத்திலிருந்தே தொடங்கலாம்.

செக்றோலில் இவ்வாறு வாழ்நாள் முழுவதும் பேர் விழுந்த தோட்டத்துப் பெண்ணுக்கு, அதற்கு வெளியே சொந்தப் பேர் இருந்ததா என்பது இலக்கிய விமர்சனம் எழுப்பவேண்டிய வினாவாகும். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, லயத்தின் நல்லது கெட்டதுகளுக்கு முன்னின்று, முதுமையடைந்து மறைந்த பெண்கள் பல்லாயிரவர். அவர்களுள் ஒருத்தியின் வாழ்க்கையேனும் முழுமையான வரலாற்று நூலாகத் தமிழ் வாசகர் கைகளிற் பரவலாக வழங்குவதாகச் சொல்லமுடியாது. அவர்கள் கதைகளில் வருகிறார்கள், கவிதைகளில் வருகிறார்கள், மேடைப் பேச்சுகளிற் போற்றப்படுகிறார்கள். ஆயின் அங்கெல்லாம் அவர்கள் பெரும்பாலும் ஒரே கோலத்தில், அதாவது தியாகத்தின் உருவமாகவே, வருகிறார்கள். இந்தத் தியாகக் கோலம் மலையகப் பெண்ணின் வாழ்வை வெளிப்படுத்துகிறதா அல்லது மறைக்கிறதா என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

முதலில் அவ்வாழ்வின் பொருளாயத அடிப்படையை நோக்குதல் வேண்டும். கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, பெருந்தோட்டப் பொருளாதாரம் பெண்ணின் கைவிரல்களை நம்பியே நின்றது. ஆண்டு முழுவதும் தளிர்விடும் செடியை நாள்தோறும் பறிக்கவேண்டும்; பறிப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஊவாவில் இது மேலும் கூர்மை பெற்றது. ஆடி ஆவணி மாதங்களில் மலையிடுக்குகளினூடே வீசும் வறண்ட காற்றுக் கொழுந்தை இறுக்கி, உலகச் சந்தை விரும்பும் தனி மணத்தை அதற்குத் தருகிறது. ‘ஊவாத் தேயிலை’ என்னும் புகழ் இக்காற்றுக் காலத்தின் விளைவு. உதடு வெடிக்கும் அந்தக் காற்றிலே படங்கை இடுப்பிற் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, நிரையிலே நின்றவள் பெண். விளம்பரப் பலகைகளில் அவளது புன்னகை இடம்பெற்றது; அவளது கூலியோ நெடுங்காலம் ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி என்ற நிலை 1984ஆம் ஆண்டிலேதான் வந்தது. அந்தக் கூலியையும் கணவனோ தந்தையோ சென்று கையேற்கும் வழக்கம் பல தோட்டங்களில் நிலவியது. ஆகவே அவள் உழைப்புக்கு விழுந்த பேர் அவள் கைக்கு வந்து சேர்வதற்கிடையே இன்னொருவர் பேராகிவிடுவதும் உண்டு.

மலையில் முடிந்த வேலை லயத்திலே தொடர்ந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மாலையிற் பீலியடியில் தண்ணீர் பிடித்து, விறகு சுமந்து, இரவில் எல்லோருக்கும் பின் உறங்கப் போகும் இந்த ஒழுங்கு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாதது இன்னொன்று. லயம் என்பது வரிசையாக அமைந்த காம்பராக்கள் மட்டுமன்று. அது பெண்களின் கொடுக்கல் வாங்கலால் இயங்கிய ஒரு சமூகம். பக்கத்துக் காம்பராவிற் பிள்ளைப்பேறு என்றால் முதலில் ஓடிவருபவள் அனுபவமுள்ள ஒரு கிழவி. சம்பள நாளுக்கு முன் அரிசி தீர்ந்தால் சுண்டு கணக்கிற் கைமாற்றுக் கொடுப்பவள் அடுத்த வீட்டுக்காரி. சீட்டுப் பிடிப்பது, பெண் கேட்டுப் பேசுவது, பிணக்கைத் தீர்ப்பது, இறந்த வீட்டில் மாரடித்து அழுவது என்பன எல்லாம் பெண்களின் பொறுப்பாக இருந்தன. தோட்ட நிருவாகம் செய்யத் தவறிய சமூக நலப் பணிகளைச் சம்பளமின்றிச் செய்து முடித்தவர்கள் இவர்கள். குடும்பத்துக்கான பணி, சமூகத்துக்கான பணி என்று இரண்டாகப் பிரிப்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வழக்கம். ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு அடுப்புகள் எரிந்த லயத்திலே அப்பிரிவினை பொருந்தாது.

இனி, இலக்கியம் இவ்வாழ்வை எவ்வாறு எழுதிற்று என்று காண்போம். மலையகத்தின் முன்னோடிக் கவிஞராகிய சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் சக்தி பால ஐயாவினாற் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கப்பட்ட நெடுங்கவிதை, மலைக்கு உரமாகிப்போன மனிதரை உலகின் கண்முன் நிறுத்தியது. அது ஒரு வரலாற்றுச் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின் அதைத் தொடர்ந்து வந்தவர் பலரின் கைகளில் ‘உரமாதல்’ என்பது தேய்ந்த உருவகமாயிற்று. செடிக்கு உரமானாள், குடும்பத்துக்கு மெழுகானாள், பிள்ளைகளுக்கு ஏணியானாள் என்று பெண் ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு பொருளாக மாறினாள். உரமும் மெழுகும் ஏணியும் பேசா, கூலியும் கேளா.

இதழ்களிலும் மலர்களிலும் வெளிவந்த சிறுகதைகளைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று வகைப் பெண் பாத்திரங்களே மீளமீள வருவதைக் காணலாம். முதலாமவள் குடிகாரக் கணவனைச் சகித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றும் தாய். இரண்டாமவள் கணக்கப்பிள்ளையாலோ துரையாலோ சீரழிக்கப்படும் குமரி. மூன்றாமவள் பிரசாவுரிமைப் பிரிவினையாற் பிள்ளைகளை விட்டுக் கப்பலேறும் பாட்டி. இம்மூவரும் யதார்த்தத்தில் இருந்தவர்களே. கற்பனைப் படைப்புகள் அல்லர். குறை பாத்திரத் தெரிவில் இல்லை. பாத்திர வார்ப்பில் உள்ளது. மூவரும் துன்பத்தை ஏற்பவர்களாக வருகிறார்கள். துன்பத்தை எடைபோடுபவர்களாக வருவதில்லை. அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், எதை மறுத்தார்கள், எவ்வாறு பிழைத்தார்கள் என்று கதை கேட்பதில்லை. கண்ணீர் வரவழைத்தவுடன் கதை முடிந்துவிடுகிறது.

இப்பொதுப் போக்குக்கு விலக்கான படைப்புகளும் உள்ளன. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, வள்ளி என்ற பெண்ணின் வாழ்வை மையமாகக் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைச் சொல்ல முனைந்த நாவல். தனியொரு பெண்ணின் வாழ்க்கை, ஒரு சமூகத்தின் வரலாற்றைத் தாங்கும் வலுவுடையது என்ற நம்பிக்கையே அந்நாவலின் முதன்மைச் சிறப்பாகும். ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் இன்னொரு வழியிற் சென்றார். 1934இல் ஹாலி எலவை அடுத்த ஊவாக்கட்டவளையிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2022இல் மறையும் வரை எழுதிய அவர், தோட்டத்து வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். அவரது ‘மீன்கள்’ என்ற சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒற்றைக் காம்பராவில் உறங்க நேரும் இட நெருக்கடியையே மையமாக்கியது. அக்கதை எவரையும் தியாகியாக்கவில்லை, எவரையும் பழிக்கவுமில்லை. மனிதரை அந்நிலைக்குத் தள்ளிய சுவர்களின் அளவை வாசகரே எண்ணிப்பார்க்குமாறு விடுகிறது. பெண்ணைப் போற்றாமலே அவள் வாழ்வின் உண்மையைச் சொல்லமுடியும் என்பதற்கு இத்தகைய எழுத்துச் சான்றாகும்.

கதை மாந்தரை விட்டு மெய்யாக வாழ்ந்த ஒருவரை நோக்கினால், தியாகம் என்ற அளவுகோலின் போதாமை இன்னும் தெளிவாகும். மலையகத்தின் முதல் தலைமுறைத் தொழிற்சங்க வரலாற்றிலே மீனாட்சியம்மையின் பெயர் இடம்பெறுகிறது. அவர் கோ. நடேசய்யரின் மனைவி. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து, புடைவை வியாபாரி வேடத்திற் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர் என்று பேசப்படும் நடேசய்யர், 1924இற் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். இவ்வரலாற்றிற் கணவனுக்குத் துணைநின்ற உத்தமியாகவே மீனாட்சியம்மை பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் தம்மை அர்ப்பணித்தவர் என்ற பாராட்டும் சேர்கிறது.

ஆனால் அவர் செய்தவற்றை வரிசைப்படுத்தினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அவர் பத்திரிகையில் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று நாடு விவாதித்த 1920களின் இறுதியிலே, வேண்டும் என்று தமிழில் வாதிட்டார். தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்கள் பாடி மக்களைத் திரட்டினார். இலங்கையில் இந்தியர்களது வாழ்க்கை நிலைமையைப் பொருளாகக் கொண்ட தமது பாடல்களை 1940இற் சிறு நூலாக வெளியிட்டார். அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை நீக்கும் நடவடிக்கை 1939இல் ஆரம்பித்திருந்தது; அதனையடுத்து எழுந்த அச்சத்தின் நடுவே அந்நூல் வெளிவந்தது. எழுத்தும் வாதமும் பாட்டும் பதிப்பும் சேர்ந்தவிடத்து அதற்கு அறிவுப் பணி என்றே பெயர். அதே பணியைச் செய்த ஆண் சிந்தனையாளர், பத்திரிகையாளர், தலைவர் என்று அழைக்கப்படுகையில் பெண் மட்டும் அர்ப்பணிப்புள்ளவள் என்று அழைக்கப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை மீனாட்சியம்மையின் வாழ்வில் இல்லை. வரலாறு எழுதியோரின் சொற்றெரிவில் உள்ளது.

அவர் பாடலைக் கருவியாகத் தேர்ந்துகொண்டமை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. எழுத்தறியா மக்களிடம் செய்தியைக் கொண்டுசெல்ல மெட்டு எளிய வழி என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணமொன்றும் உண்டு. தோட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே பாட்டினாலேயே சிந்தித்தவர்கள். தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களுடைய வழக்காறுகள். கூட்டத்திலே பாடப்பட்ட அரசியற் பாடல், லயத்திலே பாடப்பட்ட தாலாட்டின் பக்கத்தில் இயல்பாக வந்து அமர்ந்தது. மீனாட்சியம்மை லயத்திற் பிறந்தவரல்லர், கொழுந்து பறித்தவருமல்லர். சாதியாலும் கல்வியாலும் அவர் அப்பெண்களிடமிருந்து வேறுபட்டவர். இவ்வேறுபாட்டை மறைப்பது விமர்சனமாகாது. ஆயினும் அவர் தேர்ந்த வடிவம் அப்பெண்களுக்கு உரியதாக இருந்தது என்பதே அவரது கலையின் சமூகப் பெறுமதியைத் தீர்மானிக்கிறது.

அவர் வாதிட்ட வாக்குரிமையின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1931இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை வந்தது. தகுதி பெற்ற தோட்டத்துப் பெண்களும் வாக்களித்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றபோது அவ்வெற்றியில் அப்பெண்களின் பங்கும் இருந்தது. அடுத்த ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. ஆணும் பெண்ணும் ஒருங்கே இழந்த அவ்வுரிமை முழுமையாக மீள, 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வரலாற்றை அறிந்த ஒருவர், தோட்டத்துப் பெண் பொது வாழ்வை அறியாதவள் என்று எழுதமாட்டார். பொது வாழ்வு அவளிடமிருந்து பறிக்கப்பட்டது என்றே எழுதுவார்.

மீனாட்சியம்மையின் நூல் வெளிவந்த அதே 1940ஆம் ஆண்டு, மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்த ஆண்டாகும். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஊவாவிலே பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் நடைபெற்ற போராட்டம் தொழிலாளர் குழுவொன்றைத் துரை மதித்து நடக்கவேண்டிய நிலை வரை சென்றது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதும் தொழிற்சங்க வரலாற்றிற் பதிவாகியுள்ளது. இப்பதிவுகளில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையனவே. எனினும் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, அவர்கள் கூடையை இறக்கி வையாமல் ஒரு தேயிலைத் தோட்டம் எவ்வாறு ஸ்தம்பிக்கும்? சம்பளமற்ற நாட்களில் அடுப்பை எரியவைத்தவர் எவர்? இவ்வினாக்களை எழுப்ப ஆவணம் வேண்டியதில்லை. தொழில் அமைப்பைப் பற்றிய எளிய அறிவே போதும். வரலாற்றிலே பெண்ணின் பெயர் இல்லை என்பதால் அவள் அங்கு இல்லை என்று கொள்வது, செக்றோலை மட்டும் படித்துவிட்டு மலையைக் கண்டதாகச் சொல்வதை ஒக்கும்.

அப்படியாயின் அவள் தன் வாழ்வை எங்கே பதிந்தாள்? விடை ஒப்பாரியிற் கிடைக்கிறது. ஒப்பாரி இறந்தவரைப் பற்றியதாயினும் பாடுபவளின் தன்வரலாறே அதன் உட்பொருளாக அமைகிறது. பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டுச் சிறுமை, உடன்பிறந்தார் கைவிட்டமை, கங்காணி செய்த கொடுமை ஆகியவை எல்லாம் அழுகையின் மறைவிலே சொல்லப்படுகின்றன. வேறெங்கும் சொன்னாற் குற்றமாகும் சொற்கள் பிணத்தின் முன்னே சொல்லத்தக்கன ஆகின்றன. ஊர் கேட்டிருக்க ஒரு பெண் தடையின்றிப் பேசும் மேடை அது ஒன்றே. பொன்னும் முத்தும் மாளிகையும் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் மிகுதியாக வருவதைக் கண்டு அவற்றை வெறும் மரபுத் தொடர்களென ஒதுக்குவோருண்டு. சேலையாற் கட்டிய தூளியிலே பிள்ளையைக் கிடத்தித் தங்கத் தொட்டில் என்று பாடுபவள், தன் கையில் அது இல்லை என்பதை அறியாதவளல்லள். பாட்டுக்கும் தூளிக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒவ்வோரிரவும் அவள் அளந்து பார்க்கிறாள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்துக் காத்தமை இதனாற்றான் பெரும் பணியாகிறது. அத்தொகுப்புகளை மண்வாசனைக்காக மட்டும் படிப்பது போதாது. அவற்றை வாக்குமூலங்களாகவும் படித்தல் வேண்டும்.

ஒப்பாரி பின்னர் உயிருள்ளோருக்கும் பாடப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டிகளைச் சூழ்ந்து பெண்கள் மாரடித்து அழுதனர். மக்கள் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேரிட்டனர், பிற்காலத்தில் மு. சிவலிங்கம் அப்பெயரையே தம் சிறுகதைத் தொகுதிக்கும் இட்டார். 1924இற் புகையிரதம் பதுளையை எட்டியபோது, அது தேயிலைப் பெட்டிகளை இறக்குமதி ஏற்றுமதிச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பாதையாகவே கருதப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின் அதே பாதையிலே மனிதர் ஏற்றுமதியாயினர். அரசுகள் இரண்டும் எண்களிற் பேசின. நிலையத்து மேடையில் அழுத பெண்களே அவ்வெண்களை அண்ணன், தங்கை, மகள் என்று பிரித்துப் பெயர் சொல்லி அழைத்தனர். இதனைப் பலவீனத்தின் வெளிப்பாடு என்று கொள்வதிலும், ஒப்பந்தத்தைப் பற்றி மக்கள் தந்த விமர்சனம் என்று கொள்வதே பொருத்தமாகும்.

வாய்மொழியில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்வை ஏட்டில் ஏற்றுவது எவ்வாறு என்பதற்கு உலக இலக்கியத்தில் முன்மாதிரிகள் உள்ளன. வட அமெரிக்கப் பழங்குடிகளுள் சிப்பெவா என்றும் ஒஜிப்வே என்றும் அழைக்கப்படும் மக்களைச் சேர்ந்த இக்னேஷியா புறோக்கர் என்ற பெண் 1983இல் ‘இரவிற் பறக்கும் பெண்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அது அவரது பாட்டியின் பாட்டியின் வாழ்க்கை. வெள்ளையரின் குடியேற்றத்தாற் காட்டு வாழ்வை இழந்து, மினசோட்டா மாநிலத்து ஒதுக்கிடமொன்றுக்குள் ஒடுங்க நேர்ந்த ஒரு சமூகத்தின் கதை, ஒரு பெண்ணின் பிறப்பிலிருந்து முதுமை வரை தொடர்ந்து சொல்லப்படுகிறது. அப்பெண்ணுக்குச் சமூகத்தின் மூத்தோர் பேரிடும் நிகழ்ச்சி நூலில் முதன்மை பெறுகிறது. அம்மக்களிடையே பேர் என்பது சமூகம் ஒருவருக்கு அளிக்கும் இடம். அதைத் தாங்கி வாழ்வதே வாழ்வு. பாத்திரம் சுமக்கிறாள், சமைக்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள். ஆனால் நூல் அவளைத் தியாகி என்று எங்கும் நிறுத்தி வணங்குவதில்லை. அவள் எதைக் கற்றாள், எதைக் கற்பித்தாள், மாறிய உலகில் எதைக் கைவிட்டு எதைக் காத்தாள் என்பவையே அங்கு கதையாகின்றன.

இரு சமூகங்களும் ஒன்றல்ல. அவர்கள் தம் நிலத்திலேயே அந்நியராக்கப்பட்டவர்கள். மலையக மக்கள் அந்நிய நிலத்துக்கு உழைப்பாளராகக் கொண்டுவரப்பட்டு, அதைத் தம் வியர்வையாற் சொந்தமாக்கிக்கொண்டவர்கள். ஆயினும் ஆட்சியாளரின் ஏடுகளில் எண்ணாக மட்டும் இருந்த ஒரு சமூகம், தன் பாட்டியின் வாயைக்கொண்டே தன் வரலாற்றை மீட்டெடுக்கலாம் என்னும் பாடம் இருவருக்கும் பொதுவானது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். தாய்மாரின் தியாகத்தைப் பாராட்டுவது குற்றமா? பட்டினி கிடந்து பிள்ளையைப் படிக்கவைத்த பெண்ணை வேறெச் சொல்லாற் குறிப்பது? மலையகத்தின் முதல் தலைமுறை ஆசிரியர்களும் பட்டதாரிகளும் அத்தகைய பெண்களின் அரைவயிற்றிலிருந்து வந்தவர்களல்லரா? இம்மறுப்பு நேர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. அப்பெண்கள் தம் வாழ்வின் பொருளைப் பிள்ளைகளிடத்தும் லயத்தாரிடத்தும் கண்டார்கள் என்பது உண்மை. அந்தப் பற்றை ஏமாற்று என்றோ அறியாமை என்றோ கூறும் விமர்சனம் அவர்களை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். ஆனால் பற்று வேறு, பற்றாக்குறை வேறு. பிள்ளைக்குச் சோற்றைக் கொடுத்தது அவளது பற்று. பானையில் ஒருவருக்கு மட்டுமே சோறு இருந்தது கூலியின் பற்றாக்குறை. தியாகம் என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் சேர்த்துப் பூசிவிடுகிறது. அவளது பற்றைப் போற்றும் கையாலேயே கூலி குறைத்தவனின் பொறுப்பையும் அது அழித்துவிடுகிறது. பாராட்டுச் செலவில்லாதது, கூலியோ செலவுள்ளது. பின்னதைத் தர மறுத்தோருக்கு முன்னதைத் தருவதிற் தயக்கமிருந்ததில்லை.

எனவே மலையகப் பெண்ணை எழுதும் ஆக்கத்தை மதிப்பிடுகையில், அவள் துன்பம் உருக்கமாகச் சொல்லப்பட்டதா என்று கேட்பதோடு விமர்சகர் நின்றுவிடலாகாது. அவள் செய்த வேலை என்ன, அதற்கு அவள் பெற்றதென்ன, அவள் அறிந்ததென்ன, அவள் முடிவெடுத்த தருணங்கள் எவை, லயத்தாருக்கு அவள் யார் என்ற வினாக்களுக்கு அவ்வாக்கம் இடந்தருகிறதா என்று நோக்கவேண்டும். இவ்வளவுகோலால் அளக்கையில் புகழ்பெற்ற கதைகள் சில தாழக்கூடும். கவனிக்கப்படாத எளிய ஆக்கங்கள் சில உயரக்கூடும். மீனாட்சியம்மையின் சிறு நூல், கவிச்சிறப்புக் குறைந்ததென்று ஒதுக்கப்படாமல், ஒரு பெண்ணின் அரசியற் சிந்தனைக்குச் சான்றாக மீண்டும் படிக்கப்படும்.

இப்பணிக்குக் காலம் அதிகமில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு அவ்வுயிர்கள் அறிந்திருந்த கதைகளும் மண்ணுக்குள் சென்றன. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து 2023இற் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், முன்னோர் நடந்த வழியைக் கால்களால் மீட்டனர். அவ்வழியில் வந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்றும் மடுல்சீமையிலும் பூனாகலையிலும் நமுனுகுலையின் சரிவுகளிலும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பேராதனையிலும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலும் பயில்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாட்டியிடம் அமர்ந்து, எந்தத் தோட்டத்திற் பிறந்தாள், எத்தனை வயதிற் பேர்ப் பதிந்தாள், முதற் சம்பளம் எவ்வளவு, எத்தனை பிள்ளைப்பேறு பார்த்தாள், எந்த வேலைநிறுத்தத்திற் கூடையை இறக்கினாள், யாருக்காக என்ன பாடி அழுதாள் என்று கேட்டு எழுதினால், ஓரிரு ஆண்டுகளில் ஒரு நூலகம் உருவாகும். அதன் முகப்பிற் தியாகம் என்ற சொல் தேவையில்லை. அவளது பேரை, அரைப்பேராக அன்றி முழுப்பேராக, எழுதினாற் போதும்.